அந்த நேரம் பார்த்துக் குனிந்தவர்

மனிதர்களில் எத்தனையோ வகை உண்டு. நெட்டை, குட்டை, கடன் வாங்கியதும் நடக்கிற தெருவை மாற்றிக்கொள்கிறவர், நாம் ஓடி வருவதைப் பார்த்ததும் லிஃப்டின் பொத்தானை அமுக்குவதுபோல் நடிக்கிறவர். இவர்களைப் பற்றியெல்லாம் படித்தவர்கள் நிறைய எழுதியிருப்பார்கள். நான் படித்தது கொஞ்சம்தான்; பள்ளிக்கூடமும் நானும் பாதி வழியில் பேசி வைத்துக்கொண்டு பிரிந்துவிட்டோம். அதனால் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாத ஒரு வகையை நானே கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. அந்த வகைக்குப் பெயர் குனிந்தவர்.

முதுகு வளைந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். முதுகு அடிக்கோல் மாதிரி நேராக இருக்கும். பொழுது விடிந்து பொழுது போகும்வரை நிமிர்ந்தேதான் திரிவார். எதிர்வீட்டுப் பெண் எந்தப் பையன் வண்டியில் வந்து இறங்கினாள், மாடிவீட்டுக்காரர் ஏன் இந்த மாதம் புது ஃபிரிட்ஜ் வாங்கினார், யார் வீட்டு நாய் யார் வீட்டு வாசலில் என்ன செய்தது, எல்லாம் அவர் கண்ணில் பட்டுவிடும். ஆனால் தெருவில் ஏதாவது ஒன்று நடக்கும் பாருங்கள், பிற்பாடு ஒரு அதிகாரி வந்து, "நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்கப்போகிற மாதிரி ஒன்று, சரியாக அந்த விநாடியில் மட்டும் குனிந்துவிடுவார். எதற்கு? செருப்பு வார் அறுந்துவிட்டது. சாவி விழுந்துவிட்டது. கண்ணில் தூசி. ஒன்றும் இல்லையென்றால் இருமல். இருமும்போது கண் மூடிக்கொள்ளும் அல்லவா? அறிவியல்.

இதில் இரண்டு ரகம். சாதாக் குனிந்தவர் குனிவார், எழுவார், போய்விடுவார். விசேஷக் குனிந்தவர் அப்படி அல்ல. தான் பார்க்காததைச் சொல்லாமல் அவரால் ஒரு வேளைச் சாப்பாடு சாப்பிட முடியாது.

எங்கள் தெருவின் விசேஷக் குனிந்தவர், கண்ணாடிக் கடைக்காரர். மூக்குக்கண்ணாடி, வெயில் கண்ணாடி, கண் பரிசோதனை இலவசம். கடைக்கு மேலே பலகையில் வெட்டி ஒட்டிய இரண்டு ராட்சதக் கண்கள், நீல முழியோடு, எதிரே இருக்கும் பஸ் நிறுத்தத்தை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும். அவற்றுக்குக் கீழே, அதே நிறுத்தத்தைப் பார்த்தபடி, வாசலில் அவர் நிற்பார். தெருவில் அவருக்கு 'நேரலை' என்று பெயர். வைத்தது யார் என்று கேட்காதீர்கள். பொருத்தமா இல்லையா, அதை மட்டும் பாருங்கள்.

எங்கள் அப்பா பஸ் ஓட்டுகிறவர். அந்த நிறுத்தத்தின் வழியாகத்தான் அவர் பஸ் போகும். ஒருநாள் காலையில் அவரை ஒரு போலீஸ்காரர் அடித்தார். நான் அப்போது அங்கே இல்லை. அதனால் என்ன? மத்தியானத்துக்குள் சலூன் வாசலில் நேரலை எனக்கு முழுவதையும் நடித்தே காட்டிவிட்டார். சலூன் நாற்காலிதான் டிரைவர் சீட்டு. முடிதிருத்துபவரின் சீப்பை வாங்கிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். அது போலீஸ் பேட்ஜ். எங்கேயோ பார்த்தபடி ஓரமாக நின்றிருந்த என்னை அவர் கவனிக்கவில்லை. கலைஞர்கள் கூட்டத்தில் முகம் பார்ப்பதில்லை.

"கேளுங்க. பஸ் நிக்கிற இடத்துல ஒரு கார் நிக்குது. யார் கார்? போலீஸ் கார். உள்ள ஆள் இருக்கா? இல்ல. ஆள் எங்க? மூலைக்கடையில சிகரெட் வாங்கறாரு. நம்ம டிரைவர் என்ன பண்ணாரு? ஹாரன் அடிச்சாரு. எத்தனை தடவை? ரெண்டே தடவை. பாம், பாம். அதுவும் எப்படிப்பட்ட பாம்? மரியாதையான பாம்!"

"அப்புறம்?" என்றார் முடிதிருத்துபவர். அவரும் காலையில் இதே வாசலில்தான் நின்றிருந்தார். ஆனாலும் கேட்டார். நல்ல கதை என்றால் நடந்ததைக்கூட மறந்துவிட்டுக் கேட்கலாம்.

"அப்புறம் என்ன? திரும்பினாரு பாருங்க ஒரு திரும்பு! கறுப்புக் கண்ணாடியைக் கழட்டலை. படியில ஏறினாரு. 'யாருக்குடா ஹாரன் அடிக்கிறே?' பளார்! இடது கன்னம். டிரைவர் வேற ஒண்ணும் சொல்லல, 'ஜனங்க இறங்கணும் சார்'னு சொன்னாரு. அதுக்கு இன்னொண்ணு. காலரைப் பிடிச்சு இழுத்து, இறக்கி, தரையில குப்புறத் தள்ளி, கையைப் பின்னால மடக்கி, முதுகுல முட்டியை வெச்சு ஒரு அழுத்து. 'டக்'குன்னு ஒரு சத்தம். தோள்பட்டை! எனக்கு இங்க கேட்டுதுய்யா, இங்க!"

கேட்டவர்கள் எல்லோரும் தங்கள் தோளைத் தடவிக்கொண்டார்கள். அப்படி ஒரு நடிப்பு. எனக்கே கைதட்டலாம் போல இருந்தது. விழுந்தது எங்கள் அப்பா என்பதால் தட்டவில்லை.

அப்பாவைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். அவர் பஸ் ஓட்டுவதைவிட வாய் ஓட்டுவதில் கெட்டிக்காரர். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் மைக்கில் ஒரு அறிவிப்பு செய்வார். "அடுத்த நிறுத்தம் ஆஸ்பத்திரி. உடம்பு சரியில்லாதவங்க இறங்கலாம். உடம்பு சரியா இருக்கறவங்க எழுந்து சீட்டுக் குடுத்தாப் போதும்." "கதவுல சாஞ்சு நிக்கிற தம்பி, கதவு நகராட்சியோடது, நீ உங்க அம்மாவோடது, ரெண்டுல எது பெருசுன்னு யோசிச்சு நில்லு." அவருடைய பஸ்ஸுக்காக முந்தின பஸ்ஸை விடுகிறவர்கள் இருந்தார்கள். வீட்டிலும் அப்படித்தான். அம்மா குழம்பை இறக்கிவைத்தால், "அடுத்த நிறுத்தம் சாப்பாடு" என்பார்.

தோளில் கட்டோடு வீட்டுக்கு வந்தவர் மைக்கை அணைத்துவிட்டுத்தான் வந்தார். ஒரு அறிவிப்பும் இல்லை. ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

புகார் கொடுத்தோம். போலீஸ் மேல் வரும் புகார்களை விசாரிக்க என்றே தனி அலுவலகம் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து விசாரணை அதிகாரியம்மா ஒருவர் வந்தார். கெட்டவர் இல்லை. களைத்தவர். அவர் போலீஸ்காரரிடம் கேட்டார். போலீஸ்காரர், டிரைவர் தானாகக் கால் தடுக்கி விழுந்தார் என்றார். அப்புறம் அதிகாரியம்மா தெருவுக்கு வந்து கடை கடையாக ஏறினார்.

முடிதிருத்துபவரிடம் கேட்டார். "கீழ கிடந்த முடியைக் கூட்டிட்டு இருந்தேம்மா. குனிஞ்சிருந்தேன்."

அப்பாவின் பஸ்ஸில் முன்சீட்டில் தினமும் போகிற டீச்சரம்மாவிடம் கேட்டார். "பேனா கீழ விழுந்துடுச்சு மேடம். சீட்டுக்கு அடியில தேடிட்டு இருந்தேன்."

கடைசியில் நேரலை. அவர் அதிகாரியம்மாவுக்கு ஸ்டூல் போட்டார், துடைத்தும் கொடுத்தார், பிறகு ஆழ்ந்த வருத்தத்தோடு சொன்னார்: "ஒரு ஸ்க்ரூ விழுந்துடுச்சும்மா. மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூ எவ்வளவு சின்னது தெரியுமா? எள்ளு மாதிரி இருக்கும். தேடி எடுத்து நிமிர்ந்தேன், பார்த்தா டிரைவர் தரையில கிடக்கறாரு. அடடா, விழுந்துட்டாரு போலிருக்கேன்னு நினைச்சேன். நல்ல மனுஷன். பாவம்."

அந்த விநாடியில் எங்கள் தெருவை மேலேயிருந்து யாராவது படம் எடுத்திருந்தால், ஒரு தெருவே சேர்ந்து எதையோ தொலைத்துவிட்ட மாதிரி இருந்திருக்கும். படம் எடுக்கவும் வழியில்லை. பஸ்ஸில் இருந்த கேமரா ரிப்பேர். போலீஸ்காரர் சட்டையில் மாட்டியிருந்த கேமராவுக்கு அந்த நேரம் பார்த்து பேட்டரி தீர்ந்துவிட்டது. மனிதர்களைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஊரில் மிஷினே குனியும்.

அதிகாரியம்மா வந்துபோன அன்று சாயந்தரம் அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார்: "யாராவது சொன்னாங்களா?"

அம்மா, "இன்னும் விசாரிப்பாங்க" என்றாள்.

மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும். "யாராவது சொன்னாங்களா?" அந்த ஆள் வேலை போக வேண்டும் என்றோ, ஜெயிலுக்குப் போக வேண்டும் என்றோ அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அவருக்கு வேண்டியது ஒன்றுதான். அவர் கால் தடுக்கி விழவில்லை, அவரை அடித்தார்கள் என்று அவர் அல்லாத ஒரு வாய் சொல்ல வேண்டும். தெரு முழுக்க அதைத்தான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. சொல்ல வேண்டிய இடத்தில்தான் சொல்லவில்லை.

அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. புகார் நிரூபிக்கப்படவில்லை. பொய் என்று சொல்லவில்லை, அதையும் கவனியுங்கள். நடந்திருக்கலாம், நடக்காமலும் இருந்திருக்கலாம், எங்களுக்குத் தலை சுற்றுகிறது என்று அதற்கு அர்த்தம்.

அன்று நேரலை சலூன் வாசலில் கொதித்தார். "என்னய்யா நியாயம் இது? பட்டப்பகல்ல நடந்ததுக்கு சாட்சி இல்லையாம்! ஒருத்தனுக்குக்கூடவா இந்தத் தெருவுல முதுகெலும்பு இல்ல?"

நான் அவரையே பார்த்தேன். அவர் முகத்தில் துளி நடிப்பு இல்லை. அங்கேதான் இந்த இனத்தின் மேன்மையே இருக்கிறது. குனிந்தவர் பொய் சொல்வதில்லை. சொல்லும்போது நம்பிவிடுகிறார்.

அவர் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். அந்த வட்டாரப் போலீஸ்காரர்கள் எல்லோரும் வெயில் கண்ணாடி வாங்குவது அவர் கடையில்தான். மலிவாகக் கொடுப்பார். பதிலுக்கு அவர் கடை முன்னால் நிற்கும் வண்டிகளை யாரும் விரட்டுவதில்லை. அவருக்குக் கல்யாண வயதில் ஒரு பெண் இருக்கிறாள், கடைக்கு வாடகை பாக்கி இருக்கிறது, ராத்திரி தனியாகக் கடை சாத்துகிறார். பயம் இல்லாமல் இருக்குமா? எனக்கும் பயம் உண்டு. நான் அதற்குக் கரப்பான்பூச்சி என்று பெயர் வைத்திருக்கிறேன், அவர் ஸ்க்ரூ என்று பெயர் வைத்திருக்கிறார்.

அம்மா விடவில்லை. ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தாள். சின்ன வயசு, வேக நடை, மூக்கில் எப்போதும் கோணலாக நிற்கும் கண்ணாடி. நகராட்சிதான் போலீசுக்குச் சம்பளம் கொடுக்கிறது என்பதால் நகராட்சி மேலேயே நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடலாம் என்றார் அவர். "ஆனா ஒரு சாட்சியாவது வேணும். ஒண்ணு போதும்."

தானே போய் நேரலையைப் பார்த்தும் வந்தார். எப்படிப் பார்த்தார்? பார்க்கவில்லை. இவர் படியேறுவதற்குள் நேரலைக்கு யாரோ தகவல் சொல்லிவிட்டார்கள். அவர் கவுண்டருக்கு அடியில் ஸ்க்ரூ தேடப் போய்விட்டார். வக்கீலம்மா கவுண்டரின் மேற்பலகையோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டுத் திரும்பினார். ஆக, இவர் நேரலையின் முகத்தைப் பார்க்கவில்லை, நேரலையும் இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தை வக்கீலம்மா எங்கள் வீட்டில் சலிப்போடு சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு உள்ளங்கை அரித்தது. எனக்கு உள்ளங்கை அரித்தால் அம்மா தீப்பெட்டியை ஒளித்துவைப்பாள்.

கண் பரிசோதிக்கிற அறையில் சுவரில் ஓர் எழுத்து அட்டை தொங்கும், பார்த்திருப்பீர்கள். மேலே ஒரு பெரிய எழுத்து, கீழே போகப் போக எழுத்துகள் சின்னதாகிக்கொண்டே வரும். நேரலை கடையிலும் ஒன்று இருந்தது. பல வருஷமாக அதே அட்டை. அவருக்கு அது சலித்துப்போய்விட்டது, ஆகவே அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், என்ன எழுத்து என்று காதிலும் வாங்க மாட்டார்; ஏதோ ஓர் எழுத்தைச் சொன்னால் 'பலே' என்பார். நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வாடிக்கையாளரின் முகத்தைத்தான் பார்ப்பார். நான் ஒரு வெள்ளை அட்டை வாங்கினேன். கறுப்பு மை பேனா ஒன்று வாங்கினேன். பள்ளிக்கூடத்தில் என்னிடம் இருந்த ஒரே நல்ல விஷயம் கையெழுத்து. அதை முதல்முறையாக ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தினேன். நேரலை சலூன் வாசலில் நிகழ்ச்சி நடத்தப் போயிருந்த நேரத்தில் அட்டையை மாற்றிவிட்டு வந்தேன். கடைக்குக் காவல்? மேலே அந்த இரண்டு கண்கள்தான்.

பிறகு வக்கீலம்மாவிடம் போனேன். "அக்கா, உங்க கண்ணாடி கோணலா இருக்கு."

"தெரியும்டா. எழுத்தும் மங்கலாத்தான் தெரியுது. நேரமில்ல."

"நம்ம தெருவுலேயே டெஸ்ட் பண்றாங்க. இலவசம்."

"அந்தக் கவுண்டர்காரர் கடையா?"

"கண்ணைத்தானே அக்கா காட்டப்போறீங்க. வழக்கையா காட்டப்போறீங்க?"

சிரித்துவிட்டார். வந்தார். அட்டை விஷயம் அவருக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது, வக்கீலுக்குத் தெரிந்தால் தப்பாம், எனக்குத் தெரிந்தால் குறும்பாம். சட்டம் அப்படிப் பிரித்திருக்கிறது.

பரிசோதனை அறை பின்பக்கம். சின்ன அறை, ஒரு திரை, விளக்கை அணைத்தால் அட்டை மேல் மட்டும் வெளிச்சம். அவர்கள் உள்ளே போனதும் நான் கடைக்குள் நழுவி, திரைக்கு வெளியே, அதன் இடுக்கில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஃப்ரேமாக மாட்டிக் கண்ணாடியில் அழகு பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே நேரலை வக்கீலம்மாவின் மூக்கில் அந்தக் கனமான இரும்பு வட்டங்களை ஏற்றி, லென்ஸைச் செருகினார். அதை மாட்டினால் பெற்ற தாய்க்கே பிள்ளையை அடையாளம் தெரியாது.

"மேலேர்ந்து படிங்கம்மா."

"நீ…" என்றார் வக்கீலம்மா. "ங்… க…"

"பலே. அடுத்த வரி."

"எ… ன்… ன…"

லென்ஸ் மாற்றும் சத்தம். "இப்ப? இதுல தெளிவா இருக்கா?"

"இருக்கு. பா… த்… தீ… ங்… க…"

"இன்னும் கீழ."

கடைசி வரியை நான் எறும்பளவுக்கு எழுதியிருந்தேன். வக்கீலம்மா நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்து, கண்ணைச் சுருக்கி, எழுத்துக் கூட்டிப் படித்து, பிறகு பாவம், நல்ல மாணவி மாதிரி எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னார்: "நீங்க என்ன பாத்தீங்க… அன்னைக்கு பஸ் நிறுத்தத்துல?"

வேறு யாராக இருந்தாலும் திரும்பி அட்டையைப் பார்த்திருப்பார்கள். ஆனால் நேரலையிடம் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. தெருவில் எல்லோருக்கும் கதை தெரிந்துவிட்டது, புதுக் காது கிடைக்காமல் மனிதர் காய்ந்து போயிருந்தார். பசித்தவன் சாப்பாடு எந்தச் சமையலறையிலிருந்து வந்தது என்று கேட்பானா?

"நானா?" என்றார். குரலே மாறிவிட்டது. "நான் என்ன பார்த்தேன்னா கேட்கறீங்க? என்ன பார்க்கலைன்னு கேளுங்கம்மா!"

ஆரம்பித்தார். கார், சிகரெட், மரியாதையான பாம் பாம், பளார். வக்கீலம்மா அசையவில்லை. இடையில் மட்டும், சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டார்: "அது அந்தப் போலீஸ்காரர்தான்னு எப்படிச் சொல்றீங்க? கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாருன்னு சொல்றீங்களே."

"அந்தக் கறுப்புக் கண்ணாடியே நான் வித்ததும்மா! இடது காதுப் பக்கம் கம்பி கொஞ்சம் லூஸ். நானே சரிபண்ணிக் குடுத்தேன். எனக்குத் தெரியாதா?"

"டிரைவர் தானா விழுந்தாருன்னு சொல்றாங்களே."

"தானா விழறவன் கையைப் பின்னால மடக்கிட்டா விழுவான்? நீங்க வேற!"

வக்கீலம்மா சொன்னார்: "இப்ப ரொம்பத் தெளிவா இருக்குங்க."

"எந்த லென்ஸ்? இதா, முன்னாடி போட்டதா?"

வக்கீலம்மா இரும்பு வட்டங்களைக் கழற்றும் சத்தம் கேட்டது. "நான் டிரைவரோட வக்கீல்."

உள்ளே ஏதோ விழுந்தது. லென்ஸ். நிஜமாகவே விழுந்தது, நிஜமாகவே அவர் தேடக் குனிந்தார், ஆனால் அதன் பிறகு எழுந்திருக்கவில்லை.

"உங்க பேரைச் சாட்சிப் பட்டியல்ல சேர்க்கறேங்க" என்றார் வக்கீலம்மா, நாற்காலியின் அடிப்பக்கத்தைப் பார்த்து.

"நான் சொன்னதெல்லாம் கேள்விப்பட்டதும்மா," என்றது நாற்காலியின் அடிப்பக்கம். "நான் வர மாட்டேன். வந்தாலும் பார்க்கலைன்னுதான் சொல்வேன்."

"வந்து அதையே சொல்லுங்க. சத்தியம் பண்ணிட்டு."

வெளியே வந்த வக்கீலம்மா என் காதைப் பிடித்தார். திருகினார். வலிக்கவில்லை, அவர் திருகிய விதம் அப்படி. அந்த அட்டையைக் கையோடு கழற்றி எடுத்துப்போய்விட்டார். இன்னும் அவர் அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறார்.

இனிமேல் நடந்ததுதான் வேடிக்கை. நேரலை கோர்ட்டுக்குப் போகவே இல்லை. போக வேண்டிய அவசியமே வரவில்லை. நகராட்சியின் வக்கீல் சாட்சிப் பட்டியலைப் பார்த்தார்: நிறுத்தத்துக்கு நேர் எதிரே கடை, கண் பரிசோதிக்கிறவர், போலீஸ்காரரின் கண்ணாடியையே விற்றவர். இவர் கூண்டில் ஏறினால் கதை முடிந்தது என்று நினைத்துவிட்டார், பாவம். இவர் ஏறினால் என்ன ஆகியிருக்கும் என்று எங்கள் தெருவுக்கு மட்டும்தான் தெரியும். நகராட்சி சமரசத்துக்கு வந்துவிட்டது.

வக்கீலம்மா தாள்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். சமையலறை மேஜையைத் துடைத்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்தோம்.

"ஆபரேஷன் செலவு, சம்பளம் போனது, எல்லாம் இதுல அடங்கிடும்" என்றார்.

அப்பா தாளைப் பார்க்கவில்லை. "அடிச்சாங்கன்னு எழுதியிருக்கா?"

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புதுக் கண்ணாடி, நேராக நின்றது, துடைக்கத் தேவையே இல்லை. "இல்ல. எந்தத் தப்பையும் ஒத்துக்காமத்தான் குடுக்கறாங்க. அப்படித்தான் எழுதுவாங்க."

"தப்பே பண்ணலைன்னா எதுக்குக் காசு?"

"தகராறு முடிய."

"அந்த ஆள் எவ்வளவு தர்றாரு?"

"அவர் ஒரு பைசா தர மாட்டாரு. நகராட்சிதான் தரும்."

அம்மா கணக்கில் புலி. "நகராட்சிக்கு எங்கேர்ந்து வருது? நம்ம கிட்ட வாங்கற வரிதானே? அப்ப உங்க கன்னத்துக்கு இத்தனை வருஷமா நீங்களேதான் தவணை கட்டியிருக்கீங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டியவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணும் இருக்கு," என்றார் வக்கீலம்மா. "கையெழுத்துப் போட்டவங்க யாரும் இதைப் பத்தி வெளியில பேசக் கூடாது. நடந்ததை, வழக்கை, எதையும். சமரசத்துல இதுவும் ஒரு நிபந்தனை." பிறகு மெதுவாகச் சொன்னார்: "வேணாம்னா சொல்லுங்கண்ணே. வழக்கை நடத்தலாம். வருஷக்கணக்குல ஆகும். சாட்சி யாருன்னு உங்களுக்கே தெரியும்."

அப்பா கட்டுப்போட்ட தோளைப் பார்த்தார். ஆபரேஷன் ஆகாமல் அந்தத் தோள் ஸ்டியரிங்கைத் திருப்பாது. கையெழுத்துப் போட்டார். அம்மாவும் போட்டாள். எனக்கு வயசு போதாது என்று தாளை என் பக்கம் யாரும் திருப்பவே இல்லை. வயசு போதாததில் இப்படி ஒரு சௌகரியம் இருக்கிறது என்று அவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

சமரசச் செய்தி வெளியே வந்த நாளிலிருந்து நேரலை பூத்துக் குலுங்கினார். "என் பேரைப் பார்த்தாங்க, நகராட்சியே நடுங்கிடுச்சு!" முதல் வாரத்தில் அவர் கடை வாசலில் நின்று பார்த்தவராக இருந்தார். அடுத்த வாரத்தில் தெருவைத் தாண்டி ஓடிப்போய், "விடுய்யா அந்த மனுஷனை!" என்று கத்தியவராக இருந்தார். அதற்கடுத்து போலீஸ்காரரின் கையைப் பிடித்துவிட்டார். டீச்சரம்மாவும் விழுந்த பேனாவைக் கண்டெடுத்துவிட்டார். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொன்னாராம். ஒரு தெருவே நிமிர்ந்துவிட்டது. அடிவாங்கினவர் வாயை மட்டும் கட்டிப்போட்டிருந்தார்கள்.

ஆபரேஷன் முடிந்து, தோள் கட்டைப் பிரித்தும் அப்பாவால் கையைக் கன்னம் வரை தூக்க முடியவில்லை. சவரத்துக்காக நான் அவரைச் சலூனுக்கு அழைத்துப்போனேன். நாற்காலியில் உட்கார்ந்தார், முகம் முழுக்க நுரை. பக்கத்து பெஞ்சில், வேறு யார், நேரலைதான். சுற்றிலும் ஆட்கள். கதை நடந்துகொண்டிருந்தது. அப்பா உள்ளே வந்ததும் நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. சூடு பிடித்தது. கதாநாயகனே வந்து உட்கார்ந்திருக்கும்போது சொல்கிற சுகம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

"…நான் போலீஸ்காரர் கையை இப்படிப் பிடிச்சேன் பாருங்க. 'சார், இது சரியில்ல'ன்னேன். என்ன டிரைவரே? நீங்களே சொல்லுங்க. சரிதானே நான் சொல்றது?"

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்டிருக்கிறார். எனக்கு வாய் துடித்தது. ஏதாவது உளறி அந்த இடத்தைக் கலைத்துவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் நுரைக்குள்ளிருந்து குரல் வந்தது. பழைய குரல். மைக் குரல்.

"எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றார் அப்பா. "அந்த நேரம் பார்த்து நான் குனிஞ்சிருந்தேன்."

முடிதிருத்துபவரின் கத்தி காற்றில் நின்றது. யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் விழுங்கிவிட்டார்கள். நேரலை வாயைத் திறந்தார், மூடினார், தரையில் எதையோ தேடினார். அன்றைக்கு அந்தத் தெருவில் நிஜமாகவே குனிந்திருந்தவர் அப்பா ஒருவர்தான். அவரைக் குனிய வைத்திருந்தார்கள்.

கத்தி கீழே இறங்கியது. பிறகு முடிதிருத்துபவர், அப்பாவின் முகத்தை நேராகப் பார்க்காமல், எதிர்க் கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"நான் குனியலை டிரைவரே. நின்னு பார்த்துட்டுத்தான் இருந்தேன். அவன் உங்களை அடிச்சான்."

வழக்கு முடிந்துவிட்டது. கோர்ட்டில் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை, அலுவலகத்தில் அதற்கு ஒரு கோப்பும் இல்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நுரை ஓரமாக வழிந்தது. நுரைதான், வேறு எதுவும் இல்லை, நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"சரிப்பா," என்றார். "அடுத்த நிறுத்தம் மீசை. பார்த்து நிறுத்து."

ஆக, குனிந்தவர் என்ற இனத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். உங்கள் தெருவில் இது நடந்திருந்தால் முதல் ஆளாகப் போய்ச் சொல்லியிருப்பீர்கள். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் தெருக்காரர்கள் மேல் உங்களுக்குக் கோபம் வந்திருக்கும், தலையைக்கூட ஆட்டியிருப்பீர்கள். ஆனால் ஒன்று. இத்தனை நேரமாக, உங்களைச் சுற்றி என்னென்னமோ நடந்துகொண்டிருக்க, உங்கள் தலை எப்படி இருக்கிறது என்று கவனித்தீர்களா?

படித்துக்கொண்டிருக்கிறேன், அதனால்தான் குனிந்திருக்கிறேன் என்பீர்கள்.

அதானே. ஸ்க்ரூ விழுந்திருக்கும்.